வெட்டி அனுப்பிய பத்தி

1

போன மாதம் ஒரு திங்கட்கிழமை ஹோல்கர் வேலைக்குத் திரும்பினார். பற்சக்கரம் கடையும் பிரிவில் எனக்கு எதிர் மிஷினில் நிற்பவர். ஐம்பத்தெட்டு வயது. ஜெர்மனியின் தென்பகுதியில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு நான் வந்த நாளிலிருந்து என் ஜெர்மன் மொழியை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், திருத்திக்கொண்டே இருப்பவர். இரண்டு வாரமாக ஆள் இல்லை. ஏதோ வயிற்று வலி என்றுதான் கேள்விப்பட்டிருந்தோம்.

மதியச் சாப்பாட்டு மேஜையில், எல்லோர் முன்னாலும் சட்டையைத் தூக்கிக் காட்டினார். வயிற்றில் நான்கு இடத்தில் சின்னச் சின்னப் பிளாஸ்திரி.

"பித்தப்பையில் கல். ஒன்று கீழே இறங்கிக் கணையத்தின் வாயை அடைத்துவிட்டது. கணையம் வீங்கி, செத்தேன் என்றே நினைத்தேன். மூன்று நாள் ட்ரிப்ஸ். வலி நின்றதும் நான்காம் நாளே பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். ஆறாம் நாள் வீடு."

"உடனேயே எடுத்துவிட்டார்களா?" என்று கேட்டேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன். இத்தாலிக்கு சைக்கிள் பயணம் போக எல்லாம் பதிவு செய்திருந்தேன். போய்விட்டு வந்து செய்துகொள்கிறேனே என்றேன். அந்த டாக்டர் பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடுத்த கல் உங்கள் வீட்டில் இறங்குமா, மலை உச்சியில் இறங்குமா, எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமா என்றாள். சரி, எடுங்கள் என்றேன். எனக்கு என்ன தெரியும், நான் கடைசல்காரன்."

மேஜையே சிரித்தது. நான் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே இருந்தேன். நானும் கடைசல் மிஷினில் நிற்பவன்தான். போன வருடம் இதே நோய் ஆரணியில் என் அம்மாவுக்கு வந்தது. இதே யோசனையை வேலூரில் ஒரு டாக்டர் சொன்னார். அதை வேண்டாம் என்று இங்கிருந்து போனில் தடுத்தவன் நான். ஏன் தடுத்தேன் என்பதை அன்றுவரை, ஒரு வருடமாக, யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

2

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அதனால் வந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். பவானி அக்கா அப்போது எட்டாவது. அடுத்த வாரமே அவள் தறியில் உட்கார்ந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தேன். அம்மா தார் சுற்றிக் கொடுப்பாள், அதாவது பட்டு ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தறிக்கு அனுப்புவது. அக்கா நெய்வாள். வீட்டுக்கு வரும் காகிதங்களை நான் படிப்பேன். கரண்டு பில், ரேஷன் கடை நோட்டீஸ், நெசவாளர் அடையாள அட்டைக்கான விண்ணப்பம், பக்கத்து வீட்டுக்காரரின் நிலப் பத்திரம் வரை என்னிடம் வரும். நான் படித்து, "போடலாம்" என்று சொன்ன பிறகுதான் யாரும் கையெழுத்துப் போடுவார்கள். பத்து வயதுப் பையன் "போடலாம்" என்பான், பெரியவர்கள் பேனாவை எடுப்பார்கள்.

ஜெர்மனிக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோவாக வரும். நான் ஒரு குரல் பதிவு அனுப்புவேன்: "போடலாம்க்கா." அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, மாமாவும் அவளும் இரண்டு தறி போட்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் அப்படித்தான்.

அந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

இங்கே நான் யாருக்கும் "போடலாம்" சொல்லும் இடத்தில் இல்லை. நிரந்தரமாகத் தங்கும் அட்டைக்கு மொழித் தேர்வில் தேற வேண்டும். இரண்டு முறை தவறினேன். முதல் முறை, வீட்டுக்காரருக்கு ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று கடிதம் எழுதச் சொன்னார்கள். நான் ஆரணியில் லீவ் லெட்டர் எழுதிப் பழகியவன். மதிப்பிற்குரிய ஐயா, பணிவான வணக்கத்துடன், கருணைகூர்ந்து என்று ஜெர்மனில் அரைப் பக்கம் எழுதிவிட்டேன். ஹீட்டர் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் முறை, ரயில் நிலைய அறிவிப்பைக் கேட்டு எந்தப் பிளாட்பாரம் என்று எழுத வேண்டும். எனக்குக் கேட்ட பிளாட்பாரம் அந்த ஸ்டேஷனிலேயே இல்லை.

அந்த வாரம் அக்கா போனில், "இன்னாடா, பர்மனென்ட் கார்டு வந்துச்சா?" என்றாள். பின்னால் அம்மா இருந்தாள்.

"வந்துடுச்சுக்கா."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது. அம்மா கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தாள். அந்தக் கேசரியின் போட்டோவும் எனக்கு வந்தது.

3

ஆறு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை அக்கா கூப்பிட்டாள்.

"தினேசு, அம்மாவுக்கு நெஞ்சுக்குழியில புடிச்ச வலி முதுகு வரிக்கும் போவுதுடா. வாந்தி நிக்கவே இல்ல. கேஸ்னு நெனச்சி சோடா குடுத்தோம், அதுவும் வெளிய வந்துடுச்சி."

ஆரணியில் ஸ்கேன் எடுத்துவிட்டு வேலூருக்கு அனுப்பினார்கள். பித்தப்பைக் கல்லால் வந்த கணைய வீக்கம். மூன்றாம் நாள் வலி இறங்கிவிட்டது. அம்மா ரசம் சாதம் கேட்டாள். அன்று மாலை அக்கா மறுபடியும் கூப்பிட்டாள்.

"டாக்டரம்மா பேப்பர்ல படம் போட்டுக் காட்னாங்கடா. பித்தப்பைன்றது ஒரு சின்ன சுருக்குப்பை மாதிரி. அதுல இருந்து ஒரு கல்லு நழுவி கீழ எறங்கி, கணையத்தோட வாய அடச்சிகினு இருந்துதாம். இப்ப அது தானா போயிடிச்சாம். ஆனா பையில இன்னும் நாலஞ்சு கெடக்குது. அடுத்தது எப்ப எறங்கும்னு யாருக்கும் தெரியாதுன்றாங்க. அம்மாவுக்கு வந்தது லேசான கேஸுதான், அதனால இந்த வாட்டி படுத்திருக்கும்போதே பையை எடுத்துடலாம். வூட்டுக்குப் போயிட்டு அப்பறமா வரேன்னா, நடுவுல மறுபடியும் வந்துடும்னாங்க. இன்னா சொல்ற? போடலாமா?"

இதைவிடத் தெளிவாக எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. எட்டாவதோடு நின்றவள் ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள். கூடவே சம்மதப் படிவத்தின் போட்டோவும் வந்தது.

என் பிரச்சினை வேறு. அம்மாவுக்கு ஆபரேஷன், அதுவும் நான் பக்கத்தில் இல்லாமலா? ஜெர்மனியில் நிரந்தரமாகிவிட்டவன், பறந்து வர வேண்டாமா? தெரு என்ன சொல்லும்? ஆனால் என்னால் பறக்க முடியாது. என் பழைய வேலை விசா அட்டை காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்ததற்கு வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து வந்தது ஒரு தானியங்கி மின்னஞ்சலும், "விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரு தற்காலிகச் சீட்டும்தான். அந்தச் சீட்டோடு நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப விடுவார்களா என்று தெரியாது என்று கூட வேலை செய்யும் பையன்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள்.

இதை வீட்டில் சொல்லலாம். சொன்னால் பர்மனென்ட் கார்டு எங்கே என்று கேட்பார்கள்.

மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டே போனில் தேடினேன். ஒரு மருத்துவப் பக்கம் கிடைத்தது. இரண்டு பத்திகள். மேல் பத்தி: லேசான கணைய வீக்கம் என்றால், அதே முறை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே பித்தப்பையை எடுப்பது நல்லது, தள்ளிப்போட்டால் திரும்ப வரும் ஆபத்து உண்டு. கீழ்ப் பத்தி: கடுமையான வீக்கமாகி, உள்ளே நீர் கட்டியிருந்தால், அது அடங்க ஆறு வாரமாவது பொறுத்துச் செய்ய வேண்டும்.

இரண்டையும் படித்தேன். இரண்டும் புரிந்தது. திரையைப் படம் பிடித்தேன். மேல் பத்தியை வெட்டினேன். கீழ்ப் பத்தியை மட்டும் அக்காவுக்கு அனுப்பி, ஒரு குரல் பதிவும் போட்டேன்: "அக்கா, ஆறு வாரம் வெயிட் பண்ணித்தான் செய்யணுமாம். பெரிய டாக்டருங்க எழுதினது. இப்ப போடாத."

ஆறு வாரத்துக்குள் அட்டை வந்துவிடும், நான் போய்விடலாம் என்று கணக்கு.

ஒரு மணி நேரத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"டாக்டரம்மாகிட்ட காட்டினேன்டா. இது வேற மாதிரி கேஸுக்கு எழுதினதும்மா, உங்க அம்மாவுக்கு இல்லன்றாங்க. அந்த நர்ஸு வேற, உங்க தம்பி ஜெர்மனில டாக்டரான்னு கேக்குது. இல்லீங்க, மிஷின் இஞ்சினியருன்னேன். அப்ப அவர மிஷினப் பாக்கச் சொல்லுங்க, அம்மாவ நாங்க பாத்துக்கறோம்னு சொல்லிட்டு சிரிக்குது."

அந்த நர்ஸ் மேல் வந்த கோபத்தை நான் அக்கா மேல் காட்டினேன்.

"அக்கா, உனக்கு இதெல்லாம் புரியாது. அவங்களுக்கு இன்னைக்கே ஒரு ஆபரேஷன் கெடச்சா லாபம். நான் படிச்சுட்டுச் சொல்றேன். நீ சொல்றத மட்டும் செய்."

"சரிடா," என்றாள். பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், வுடு. பேஜாரு புடிச்ச எடம் இது, வா, ஜல்தி வூட்டுக்குப் போலாம்."

மருத்துவர் சொன்னதை மறுத்து வெளியேறுகிறோம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் நீட்டினார்கள். அதன் போட்டோவும் வந்தது. "போடலாம்க்கா," என்றேன்.

4

பத்தொன்பதாம் நாள் அடுத்த கல் இறங்கியது.

இந்த முறை ரசம் சாதம் இல்லை. அம்மா நேராக ஐ.சி.யு.வுக்குப் போனாள். சிறுநீர் குறைந்துவிட்டது, மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள் என்று மாமா சொன்னார். அக்கா போனுக்கு வரவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகாமல் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். அப்பாயின்ட்மென்ட் இல்லை. வாசலில் இருந்தவரிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில், இலக்கணம் பார்க்காமல், அம்மா, ஆஸ்பத்திரி, இந்தியா என்றேன். உள்ளே ஒரு அம்மையார் மாமா அனுப்பிய மருத்துவச் சீட்டைப் பார்த்தார், என் கோப்பைத் திறந்தார், ஒரு தாளை அச்செடுத்து முத்திரை குத்தினார். போய்த் திரும்பி வரலாம் என்ற அனுமதி. கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"இரண்டு மாதத்துக்கு மேலாக அந்தச் சீட்டோடு இருக்கிறீர்கள். அவசரம் என்றால் நாங்கள் இதைத் தருவோம். ஏன் நீங்கள் கேட்கவே இல்லை?"

பதில் எனக்குத் தெரியும். என் ஜெர்மனைக் கேட்டு யாராவது சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை. அதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை.

வேலூரில், ஐ.சி.யு. வாசல் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் பையை வாங்கி பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு, "போய்ப் பாரு, அஞ்சு நிமிஷம்தான் வுடுவாங்க," என்றாள்.

அம்மாவின் கை வீங்கி, வளையல்களை வெட்டி எடுத்திருந்தார்கள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கத்தவில்லை. "இப்ப பித்தப்பைய எடுக்க முடியாதுங்க. கணையம் பாதி கெட்டுப்போயிருக்கு, சுத்தி நீர் கட்டியிருக்கு. பிழைச்சு வரட்டும். நீர் அடங்கறதுக்கு ஆறு வாரமோ பத்து வாரமோ, இப்பத்தான் நெஜமாவே காத்திருக்கணும்."

பிறகு மேஜையில் இருந்த பேனாவைத் திருப்பிக்கொண்டே கேட்டார்: "அந்த ஸ்க்ரீன்ஷாட் நீங்க அனுப்பினதுதானே? அதுக்கு மேல இன்னொரு பத்தி இருந்திருக்குமே?"

"பாக்கல மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சரி," என்றார்.

அந்தச் "சரி"யை நான் இன்றைக்கும் மிஷின் சத்தத்துக்கு நடுவில் கேட்கிறேன். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. அக்கா வெளியே பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம்.

மூன்று வாரம் இருந்தேன். லீவு முடிந்தது. அம்மா வார்டுக்கு மாறியிருந்தாள். நான் திரும்பி வந்து ஏழு வாரம் கழித்துத்தான் அவளுக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். அக்கா கையெழுத்துப் போட்டாள். அன்று எனக்குப் போட்டோ வரவில்லை. முடிந்ததும் மாமா தகவல் சொன்னார்.

5

இப்போது அம்மா இருக்கிறாள். அதுவே பெரிது என்கிறார்கள். ஆனால் கணையம் கெட்டதில் சர்க்கரை வந்துவிட்டது. காலையும் மாலையும் அக்கா தறியிலிருந்து எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, அம்மாவின் வயிற்றில் இன்சுலின் போடுகிறாள். அம்மாவுக்குப் பாதி உடம்பு போய்விட்டது. ராட்டை முன்னால் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார முடிவதில்லை.

வந்து பார்ப்பவர்களிடம் அம்மா ஒன்று சொல்வாள், நான் வீடியோவில் இருக்கும்போதே சொல்வாள்: "என் புள்ள எவ்ளோ படிச்சிப் பாத்துச் சொன்னான். அப்பவும் என் தலையெழுத்து." வந்தவர்களும் தலையாட்டுவார்கள். நானும் இங்கே தலையாட்டுவேன்.

இங்கே என்னைப்போல நிறையப் பேர் இருக்கிறோம். ஊரிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட் வரும், மருந்துச் சீட்டு வரும். ஒரு மதிய இடைவேளையில் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறோம். இந்த நோயைப் பற்றி நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: லேசாக வந்து அடங்கிவிட்ட அந்தச் சமயம்தான் பித்தப்பையை எடுக்கச் சரியான நேரம். அடங்கியதும் வீட்டுக்குப் போகத் தோன்றும். அப்போது டாக்டர் எடுக்கலாம் என்றால், படுக்கை பக்கத்தில் நிற்பவர் கேட்டு முடிவு செய்யட்டும். எல்லோருக்கும் ஒரே விதி இல்லைதான். அதனால்தான் பக்கத்தில் நிற்பவர் கேட்க வேண்டும் என்கிறேன்.

6

ஹோல்கர் சட்டையைத் தூக்கிக் காட்டிய அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக்கூட வைத்திருந்தேன். மொழித் தேர்வு, கார்டு, சீட்டு, வெட்டிய பத்தி, டாக்டரிடம் சொன்ன பொய். வரிசையாகப் படித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

தறிச் சத்தம் நின்றிருந்தது. ஞாயிறு என்பதாலா, அவள் நிறுத்தினாளா, தெரியவில்லை.

"அக்கா?"

"மேல எழுதியிருந்தத நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"படிச்சியா?"

"படிச்சேன்."

அவள் அழுகிறாள் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

"ஒரு வருஷமா நான் இன்னா நெனச்சிகினு இருக்கேன் தெரியுமாடா? டாக்டரம்மா சொன்னத நான் ஒயுங்கா உன்னாண்ட எடுத்துச் சொல்லல, அதனாலதான் நீ வேணான்னுட்டனு நெனச்சிகினு இருக்கேன். நான் மட்டும் படிச்சிருந்தா, சரியாச் சொல்லியிருப்பேன், அம்மாவுக்கு இப்படி ஆயிருக்காதுன்னு. ஊசி போடும்போதெல்லாம் அதான் நெனப்பு. ரெண்டு வேளயும்."

நான் என்னைப் பற்றி மட்டும்தான் ஒரு வருடம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அந்தப் பழியை அங்கே வேறொருவர் எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

"நீ சொன்னது அத்தனையும் சரியா இருந்துச்சுக்கா. ஒரு வார்த்த கொறையல."

"இத இப்ப சொல்ற." மூக்கை உறிஞ்சினாள். "உன்ன பின்னால வெச்சிக்கறேன் இரு. அம்மாகிட்ட நீயே சொல்லு. நான் நடுவுல நின்னு சொல்லமாட்டேன், அப்பறம் அதுவும் தப்பாப் போயிடும்."

அவள் நடக்கும் சத்தம் கேட்டது. போன் கைமாறியது.

"இன்னாடா கண்ணு, இந்நேரத்துல?"

அம்மாவிடம் காகிதத்தைப் பார்த்துப் படிக்க முடியவில்லை. முன்னும் பின்னுமாகச் சொன்னேன். பர்மனென்ட் கார்டு இல்லை என்றபோது, "கேசரி குடுத்தோமேடா," என்றாள். பத்தியை வெட்டியதைச் சொன்னேன். புரியவில்லையோ என்று மறுபடியும் சொல்லப் போனேன்.

"புரியுது, புரியுது. அப்ப, ஆறு வாரம்ன்றது நோவுக்கு இல்ல. நீ வரத்துக்கு."

"ஆமாம்மா. நான் இல்லாம உனக்கு எப்படி ஆபரேஷன் பண்றதுன்னு..."

"ஏன்டா, கடசில நீ இல்லாமத்தான பண்ணாங்க?"

"ஆமா."

"பவானி இருந்தா. மாப்ள இருந்தாரு. அந்த டாக்டரம்மா கையப் புடிச்சிகினு இருந்தாங்க." அம்மா கோபமாகப் பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அன்னிக்கு உன்ன யாருடா வரச் சொன்னது?"

நான் யோசித்துப் பார்த்தேன். அந்தப் புதன்கிழமையிலிருந்து அவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய நாள் வரை வந்த ஒவ்வொரு அழைப்பையும், ஒவ்வொரு குரல் பதிவையும் நினைத்துப் பார்த்தேன். போடலாமா என்று கேட்டிருந்தார்கள். வா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

"யாரும் இல்லம்மா," என்றேன்.